கவினுக்கு முட்டை உண்டு

பக்கம் நின்றுவிட்டது, நிறுத்தியது நான்தான், அச்சடிக்கச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன், மளமளவென்று ஓடிவந்த புரோகிராம் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுகொண்டது, திரை லேசாக மங்கிப்போய் அந்த ஒரு வரி மட்டும் நீலமாகத் தெரிகிறது. இந்த நேரம் எனக்குப் பிடிக்கும். எதுவும் நடந்துவிடவில்லை, எதுவும் நடக்காமலும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், நைனா அண்ணன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார், போகும்போது வழக்கம்போல ஏசியை அணைத்துவிட்டுப் போனார், "ஒருத்திக்கு எதுக்கு சுடரு ஏசி, ஃபேன் போட்டுக்க, வர்றப்ப சமோசா வாங்கியாறேன்", இந்த ஆபீஸே இரண்டு நாற்காலிதான், ஒன்றில் அவர், ஒன்றில் நான். கீழே கண்ணாடிக் கடை. கண்ணாடி அறுக்கிற சத்தம் பல் கூசும் என்று வந்த புதிதில் நினைத்தேன், இப்போது அது நின்றால்தான் என்னவோ போல் இருக்கிறது. ஸ்கேலை வைத்து ஒரு கோடு, கீச்சென்று, பிறகு ஒரு சின்னத் தட்டு, இரண்டாகிவிடும். கோடு போட்டதற்கும் தட்டுவதற்கும் நடுவில் அந்தக் கண்ணாடி ஒன்றா இரண்டா? நான் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கதை சொன்னால் கேட்கிறவள் 'ம்' சொல்ல வேண்டும், 'ம்' வரவில்லையென்றால் தாத்தா ராஜகுமாரனை ஒரு காலைத் தூக்கிய வாக்கிலேயே வாசற்படியில் நிறுத்திவைத்துவிடுவார், நான் தூங்கிவிட்டேனா என்று பார்ப்பதற்கு. ராஜகுமாரனுக்குக் கால் வலிக்குமே என்று அவசர அவசரமாக 'ம்' போடுவேன். இந்தக் கீபோர்டில் எஃப் பத்து என்ற சாவி அதே 'ம்'தான். ஒரு தட்டு, ஒரு வரி. நான் தட்டாதவரை கவினும் நிலனும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கவின், நிலன், இரட்டைப் பிள்ளைகள், நான் பார்த்ததில்லை, திரையில் பெயராகத்தான் தெரியும். உறையூரில் வசுமதி மேடம் நடத்துகிற சமையற்கூடத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போகிறது, எந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அம்மாக்கள் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம், அந்த வெப்சைட் எங்களுடையது. காலையில் ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் ஒரு ஸ்டிக்கர் அச்சாகும், சோறு, கூட்டு, முட்டை உண்டு, முட்டை இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்து டப்பாவில் வைப்பவர் இருதயமேரி அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் நிலனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, டாக்டர் கொஞ்ச நாளைக்கு முட்டை வேண்டாம் என்றிருக்கிறார், அவர்கள் அம்மா நிலனுக்கு மட்டும் முட்டையை எடுத்துவிட்டார். திங்கட்கிழமையே பெரியவன் கவின் டப்பாவிலும் முட்டை இல்லை. மறுநாளும் இல்லை. கவினுக்கு முட்டை இல்லாமல் சோறு இறங்காதாம், டப்பாவை மூடிவைத்துவிட்டு வகுப்பில் அழுதிருக்கிறான், டீச்சர் அம்மாவுக்குப் போன் செய்ய, அம்மா வசுமதி மேடத்தைப் பிடித்து உலுக்க, வசுமதி மேடம் இருதயமேரி அக்காவைக் கேட்க, "ஸ்டிக்கர்ல இல்லைன்னு இருந்துச்சும்மா" என்று அக்கா சொல்ல, ஸ்டிக்கரோ டப்பாவோடு கழுவுகிற தண்ணீரில் ஊறிக் கரைந்து போயிருக்கிறது. அப்புறம்தான் எங்களுக்குப் போன் வந்தது, புதன்கிழமை. உங்க சிஸ்டம் என்ன சொல்லுது?

புதன்கிழமை நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நைனா அண்ணன் செய்ததில் ஒரு தப்பும் சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அச்சடிக்கிற வரிக்கு முன்னால், கவினின் ஆர்டர் எப்படி இருக்கிறது என்று கன்சோலில், புரோகிராம் நமக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தில், எழுதிக் காட்டச் சொல்லி ஒரு வரி போட்டார், ஓடவிட்டார், முழுதும் ஓடி முடிந்தது, கன்சோலில் கவின் என்று வந்து நின்ற ஆப்ஜெக்டின், அதாவது அவன் தகவல் மொத்தமும் மடித்துவைத்த பொட்டலத்தின், முக்கோணத்தைத் தட்டி விரித்தார். முட்டை: உண்டு. "பாத்தியா, சரியாத்தானே இருக்கு" என்றார். நிலனைத் திறந்து பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, அழுதது கவின்தானே. ஸ்பீக்கரில் வசுமதி மேடம் காத்திருந்தார். "மேடம், சிஸ்டத்துல கவினுக்கு முட்டை உண்டுன்னுதான் இருக்கு. பேக்கிங்ல யாராவது மாத்திப் பாத்திருப்பாங்க. இல்ல சுடரு?" என்று என் பக்கம் திரும்பினார். நான் 'ம்' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்போதுமே அவ்வளவுதான் சொல்வேன், காலேஜில் என் குரலுக்கு மைக் வாங்க ஒரு உண்டியலே வைக்கலாம் என்பார்கள், ஆனால் அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது. மறுமுனையில் பெருமூச்சு. "இருதயத்துக்கு வயசாகுதுல்ல, கண்ணு தெரியல போல. திங்கக்கிழமையிலேருந்து பின்னாடி பாத்திரம் கழுவ மாத்திடறேன். பேக்கிங் மேசைக்கு வேற பொண்ணு வருது." போன் வைத்த சத்தம். அண்ணன் டீ ஊற்றினார். நானும் குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இப்போது உறுத்துகிறது. ஏனென்றால் அந்தச் சமையற்கூடத்துக்கு ஒருநாள் நான் போயிருக்கிறேன், ஸ்டிக்கர் பிரின்டரை மாட்டிக்கொடுக்க. மேசை ஓரமாக உட்கார்ந்து வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே ஒரு அவித்த முட்டையைப் பாதியாக வகிர்ந்து மிளகுத்தூள் போட்டு என் கையில் வைத்தவர் இருதயமேரி அக்கா. தலையில் நீலத் துணித்தொப்பி, மேசையில் நிற்பவர்களுக்கு மட்டும் அது. "முன்னாடி பாத்திரம் கழுவுற பக்கம் இருந்தேன் பாப்பா, தண்ணியிலயே நின்னு நின்னு ரெண்டு காலுலயும் விரலிடுக்கெல்லாம் புண்ணு, சனியன் ஆறவே ஆறாது. இங்க வந்தப்பறம் பாரு" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார், காய்ந்து, வெளுத்து, நன்றாக ஆறியிருந்த கால். அந்தக் காலை எதற்கு எனக்குக் காட்டினார்? நான் முட்டையை மென்றுகொண்டே பார்த்தேன். அந்தக் கால் திங்கட்கிழமை திரும்பவும் தண்ணீரில் இறங்கப்போகிறது.

அதனால்தான் இன்றைக்கு, யாரும் இல்லாத இந்த நேரத்தில், ஓடி முடிந்ததைப் பார்க்காமல் ஓடும்போதே நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. புதன்கிழமைத் தகவலையே போட்டு ஓட்டினேன், இதோ நின்றிருக்கிறது. மவுஸை மெதுவாகக் கவின் மேல் கொண்டுபோகிறேன், தூங்குகிற பிள்ளையின் போர்வையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. சின்னதாக ஒரு பெட்டி திறக்கிறது. பெயர், வகுப்பு, சோறு, கூட்டு, முட்டை: இல்லை. இல்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், கண்ணில் ஒன்றுமில்லை, கவினுக்குத்தான் முட்டை இல்லை. அண்ணன் பார்த்தபோது இருந்தது. நான் பார்க்கும்போது இல்லை. ஒரே தகவல், ஒரே வரி. நிலனைத் திறக்கிறேன். முட்டை: இல்லை. அது சரி, அவனுக்கு வேண்டாம். கவினுக்கு எப்படி? சும்மா ஒரு விளையாட்டுக்கு, பக்கம் நின்றபடியே இருக்க, கன்சோலில் கவினுக்கு முட்டை உண்டு என்று கையால் மாற்றினேன். மாற்றிவிட்டு நிலனைப் பார்த்தேன். நிலனுக்கும் உண்டு. திரும்பக் கவினுக்கு எடுத்தேன், நிலனுக்கும் போயிற்று. கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன். இவர்கள் இரண்டு பேர் இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். அவர்கள் அம்மா வருஷ ஆரம்பத்தில் 'அண்ணன் தம்பிக்கு இதே சாப்பாடு' என்ற பொத்தானைத் தட்டியிருக்கிறார், எங்கள் புரோகிராம் கணினிக்குள் இன்னொரு டப்பா எடுத்து அதே மாதிரி நிரப்பாமல், இருக்கிற ஒரே டப்பாவின் மேல் இரண்டாவது பெயரையும் ஒட்டிவிட்டது. கண்ணாடியில் கோடு போட்டார்கள், தட்டவில்லை. அப்படியானால் அண்ணன் பார்த்த 'உண்டு'? எஃப் பத்து, ம், அச்சு போகிறது, கவினுக்கு இல்லை, நிலனுக்கு இல்லை. எஃப் பத்து, ம், இதோ இந்த வரி, அச்சடித்து முடிந்ததும், மறுநாள் காலையில் மாற்றங்களைத் திரும்பப் போடுவதற்காக எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிற வரி, இதைத் தாண்டியதும் கவினுக்கு முட்டை உண்டு, நிலனுக்கும் உண்டு. கன்சோலில் வந்து நிற்கிற ஆப்ஜெக்டை எப்போது விரிக்கிறோமோ அப்போது இருப்பதைத்தான் அது காட்டும், எழுதிய நேரத்தில் இருந்ததை இல்லை. படித்திருக்கிறேன், அண்ணனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறப்போம். அண்ணன் முக்கோணத்தைத் தட்டியபோது அச்சு முடிந்து எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. புயல் ஓய்ந்த பிறகு ஜன்னலைத் திறந்து, காற்றே அடிக்கவில்லையே என்றிருக்கிறோம். என் மனசும் அந்தக் கன்சோல் மாதிரிதான், அன்றைக்குச் சொன்ன 'ம்'மை இன்றைக்கு விரித்தால், எனக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாகக் காட்டுகிறது. இருந்ததா? இருக்கவில்லை. டீ நன்றாக இருந்தது, அவ்வளவுதான் இருந்தது.

எவ்வளவு நிம்மதி. மண்டைக்குள் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்தது போல. ஒரு வரி, 'ஒட்டாதே, புது டப்பா எடு' என்று மாற்றினால் போதும், அண்ணன் வந்ததும் காட்டலாம், அண்ணன் நெற்றியில் அடித்துக்கொள்வார், நான் 'ம்' சொல்வேன். நாற்காலியில் சாய்ந்து ஃபேனைப் பார்த்தேன். அப்போது ஏதோ ஒரு நூல் கொக்கியில் மாட்டியது போல இழுத்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். சின்னவனுக்கு எடுத்தால் பெரியவனுக்குப் போகும். பெரியவனுக்கு வைத்தால்? அந்த அம்மா கோபத்தில் இருக்கிறார். கோபத்தில் இருக்கிற அம்மா என்ன செய்வார், போனை எடுத்துக் கவினுக்கு முட்டை உண்டு, உண்டு, உண்டு என்று குத்துவார். இரண்டு மாற்றம் இருந்தால் புரோகிராம் பின்னால் வந்ததைத்தான் பிடித்துக்கொள்ளும், ஒரே டப்பாதானே. கை தானாக இன்றைய மாற்றங்களைத் திறந்தது. இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம், கவின், முட்டை உண்டு. அப்படியானால் இன்று காலை ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கும் உண்டு. நிலனுக்கு உண்டு. தடிப்பு. நிலன் எப்படி இருப்பான், கவினை மாதிரியே இருப்பான், கன்னத்தில் தடிப்போடு, உதட்டில் வீக்கத்தோடு, டப்பாவைத் திறந்து மஞ்சள் கருவைப் பார்த்து, அம்மா வைத்திருக்கிறாள் என்று சாப்பிடுகிற பிள்ளை. கடிகாரத்தைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருக்கும், அடித்து நேரமாகியிருக்கும். இருதயமேரி அக்காவிடம் இனிமேல் ஸ்டிக்கரில் என்ன இருக்கோ அதை மட்டும் வை என்று சொல்லியிருப்பார்களே, கண் தெரியவில்லை என்று பெயர் வாங்கினவர் ஸ்டிக்கரை மீறி என்ன செய்வார்? இங்கே பக்கம் நின்றுகொண்டிருக்கிறது. அங்கே எதுவும் நிற்கவில்லை. இந்தச் சாவி இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான், உறையூருக்கு எஃப் பத்து கிடையாது.

சமையற்கூடத்து நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தால் என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, எடுத்தார்கள், பின்னால் பாத்திரங்கள் உருள்கிற சத்தம், தண்ணீர்ச் சத்தம். "யாரு?" இருதயமேரி அக்காவின் குரல். நான் சொன்னேன். "யாரு? காதுல விழலம்மா, சத்தமாப் பேசு." திரும்பச் சொன்னேன். "ஆர்டர்னா அஞ்சு மணிக்கு மேல கூப்பிடு தாயி, வைக்கவா?" "வைக்காதீங்க!" என்று கத்தினேன். இந்தக் கூரைக்குக் கீழே என் குரல் அப்படி ஒலித்ததே இல்லை, கீழே கண்ணாடி அறுக்கிற சத்தம் சட்டென்று நின்றது. "அக்கா, நான் சுடர், பிரின்டர் மாட்ட வந்தேனே, முட்டை குடுத்தீங்களே!" "அட, மிளகுத்தூள் பாப்பாவா? இவ்வளவு பெரிய குரல் வெச்சிருக்கியா நீயி?" "அக்கா, இன்னைக்கு நிலனுக்கு, இரட்டைப் புள்ளைங்கள்ல சின்னவனுக்கு, முட்டை வெச்சீங்களா?" பாத்திரச் சத்தம் மட்டும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் குரல் தாழ்ந்தது. "மேடத்துக்கிட்ட சொல்லிடாத பாப்பா. ஸ்டிக்கர்ல ரெண்டு பேருக்கும் உண்டுன்னுதான் வந்துச்சு. நேத்து வரைக்கும் ரெண்டு பேருக்கும் இல்ல, இன்னைக்கு ரெண்டு பேருக்கும் உண்டு, என்னடா இது, இந்த மிஷினுக்குப் பித்துப் புடிச்சிருச்சான்னு நெனச்சேன். சின்னதுக்கு உடம்புக்கு ஆகலைன்னுதானே அவங்கம்மா எடுக்கச் சொன்னாங்க? ஒரு வாரம்கூட ஆகல. எனக்கு மனசு கேக்கல." "அப்ப?" "ரெண்டு முட்டையையும் பெரியவன் டப்பாவுலயே வெச்சிட்டேன். அழுத புள்ளை, தின்னுட்டுப் போகட்டும். எப்படியும் திங்கக்கிழமை பின்பக்கம் போறவதானே, இன்னும் ஒரு திட்டு வாங்குனா என்ன." நான் தூக்கிய காலைக் கீழே வைத்தேன். உண்மையாகவே நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியிருந்தது. "பாப்பா? இருக்கியா?" "இருக்கேன் அக்கா. நீங்க சாயங்காலம் வரைக்கும் அந்தத் தொப்பியக் கழட்டாதீங்க." "அதை, வேலை பழக வந்த புதுப் பொண்ணுக்கு அப்பவே குடுத்தாச்சு" என்று சிரித்தார்.

நைனா அண்ணன் அத்தர் வாசனையோடும் எண்ணெய் படிந்த பொட்டலத்தோடும் மாடி ஏறி வந்தார். "என்ன சுடரு, கண்ணாடிக் கடைக்காரன் கேக்குறான், மேல யாரை வெட்டுறீங்கன்னு?" நான் திரையைக் காட்டினேன். நின்ற வரி, கவின், நிலன், கவினுக்கு எடுத்தேன், நிலனுக்கும் போயிற்று, வைத்தேன், வந்தது. அண்ணன் பொட்டலத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார், எண்ணெய் சட்டையில் சொட்டியது. "அப்ப நான் அன்னைக்குப் பாத்தது?" "நீங்க விரிச்ச நேரத்துல இருந்தது அண்ணே. அச்சடிச்ச நேரத்துல இருந்தது இல்ல." எதிர்பார்த்தபடி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா இதுலயே கெடக்குறேன், அந்த முக்கோணம் என்னையே ஏமாத்திருச்சு பாரு." பிறகு சிரிப்பை நிறுத்தினார், அக்காவின் ஞாபகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும், வசுமதி மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மேடம், நைனா பேசறேன். புதன்கிழமை நான் சொன்னது தப்பு. சிஸ்டம் சரியில்ல, உங்க ஆளு சரி. எப்படின்னு நம்ம சுடர் சொல்லும், கண்டுபிடிச்சது அதுதான்" என்று போனை என் முன்னால் தள்ளிவிட்டு, ஒரு சமோசாவை வாயில் போட்டுக்கொண்டார், இனி அவர் பேசமாட்டார். போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். தொண்டை ஏற்கெனவே ஒருமுறை திறந்த தொண்டை. "மேடம், உங்ககிட்ட ரெண்டு புள்ளைங்க இருக்காங்க, கவின், நிலன்" என்றேன். கொஞ்சம் நின்றேன். "ம்" என்றது போன். "எங்க புரோகிராம் அவங்களுக்கு ரெண்டு டப்பா எடுக்கல, ஒரே டப்பாவுல ரெண்டு பேரையும் எழுதிடுச்சு." "ம்." "சின்னவனுக்கு முட்டை வேணாம்னு அவங்கம்மா எடுத்தாங்களா, பெரியவனுக்கும் போயிருச்சு. ஸ்டிக்கர்ல இல்லைன்னுதான் வந்திருக்கு. அக்கா படிச்சது சரியாத்தான் படிச்சிருக்காங்க." கொஞ்ச நேரம் 'ம்' வரவில்லை. நான் காத்திருந்தேன், அவசரப்படவில்லை. "ம்" என்று வந்தது, முன்னைவிட மெதுவாக. இன்றைய காலையைச் சொன்னேன், நிலனுக்கு வரவிருந்த முட்டையைச் சொன்னேன், அது கவின் டப்பாவுக்குப் போனதையும் சொன்னேன், அக்கா சொல்லாதே என்றதையும் சேர்த்தே சொன்னேன். அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே அந்தப் பக்கம் திரும்பிய வசுமதி மேடத்தின் குரல் கேட்டது, எங்களுக்கு இல்லை, பாத்திரச் சத்தத்துக்கு மேலே, கூடத்தின் கடைசிவரை போகிற குரல். "ஏ இருதயம்! அந்தப் புள்ளைக்கிட்ட வேற தொப்பி எடுத்துக்கச் சொல்லிட்டு உன் தொப்பிய வாங்கி மாட்டு. திங்கக்கிழமை வந்து மேசையில நில்லு." தூரத்தில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது. நான் மாற்ற வேண்டிய ஒரு வரியை மாற்றினேன், புள்ளியை எடுத்தேன், திரும்ப ஓடவிட்டேன். பக்கம் எங்கும் நிற்காமல் போயிற்று. மேசை மேலிருந்த சின்ன பிரின்டர் இரண்டு ஸ்டிக்கரைத் துப்பியது, ஒன்றன்பின் ஒன்றாக, சூடாக, கவின், முட்டை உண்டு, நிலன், முட்டை இல்லை. நடுவில் இருந்த கோட்டில் கிழித்தேன், அழகாக இரண்டானது.